கூட வந்தவருக்கு ஒரு நாற்காலி

இன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் நீங்கள் தேனிக்குக் கிளம்புகிறீர்கள். இதுவரை நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நடுங்கியவர்கள், நாளை முதல் தடவையாக இந்தப் பக்கம் உட்காரப் போகிறீர்கள். கேள்வித்தாள், மதிப்பெண் முறை, கணிப்பொறி ஏற்பாடு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமையோடு நான் இந்தக் கம்பெனியை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறுகிற வயசில்லை, முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் போகிறவன் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் அல்லவா? அதுவும் நீங்கள் போவது என் ஊர்ப் பக்கம்.

அங்கே ஒன்றைப் பார்ப்பீர்கள். கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் டெக்னிக்கல் ரவுண்டில் ஓரளவு பதில் சொல்வார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வாய் மூடிக்கொள்ளும். உங்கள் கையிலிருக்கும் தாளில் "கம்யூனிகேஷன்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பூஜ்யம் போடப் பேனா தானாகப் போகும். போடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

நான் கூடலூர்க்காரன். குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் வரும் கடைசித் தமிழ் ஊர். அப்பா அடுத்தவர் வாழைத்தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அம்மா விடிகாலையில் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிறவர். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் நான் கணிப்பொறி படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

படித்து முடித்ததும் மதுரையில் ஒரு நேர்காணல். டெக்னிக்கலில் தேறிவிட்டேன். அடுத்த அறையில் டை கட்டிய ஒருவர், "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார். பெயர் சொன்னேன், அப்பா பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன், படிப்பைச் சொன்னேன்.

"வேற?"

"அவ்வளவுதான் சார்."

"உங்ககிட்ட என்ன நல்ல குணம் இருக்குன்னு சொல்லுங்க. நாங்க ஏன் உங்கள எடுக்கணும்?"

நான் தரையைப் பார்த்தேன். அவர், "உங்களப் பத்தி உங்களுக்கே தெரியலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அடுத்து கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. அங்கேயும் இதே கேள்வி, இதே தரை.

எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லக் கூசியது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் யாரும் தனக்காகத் தானே பேசுவதில்லை. பெண் கேட்கப் போனால் மாப்பிள்ளை வாய் திறக்க மாட்டான், கூடப் போனவர்தான் பேசுவார். தோட்டத்தில் வேலை கேட்டாலும் அப்படித்தான். வரப்புத் தகராறு என்றால்கூட வழக்குக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவனுக்காக வேறொருவர் எழுந்து பேசுவார். பேசுகிறவர் சும்மா புகழ்ந்துவிட்டு வந்துவிடவும் முடியாது. நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் அவர் சட்டையைத்தான் பிடிப்பார்கள். அதனால் நல்லதைச் சொன்ன கையோடு ஒரு குறையையும் அவரே சொல்லி வைப்பார். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் எழுந்து "நான் கடுமையான உழைப்பாளி, நல்ல குணமுள்ளவன்" என்றால், "வெளம்பரம் வந்திருச்சுடா, எந்திரிச்சு தண்ணி குடிங்க" என்று சிரிப்பார்கள்.

எங்கள் குடும்பத்துக்குப் பேசுகிறவர் என் தாய்மாமன். கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவர். அவர் பேசி முடிக்காத கல்யாணம் எங்கள் தெருவில் இல்லை. இரண்டாவது தடவையும் நான் தோற்று வந்ததும் அவரே ஒரு முடிவு பேசினார். ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கெழுத ஆள் வேண்டுமாம், சொல்லி வைத்துவிட்டார். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

"கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைய ஏலக்காய் மூட்டைய எண்ண விடுறீகளே" என்று அம்மா அழுதார்.

"படிப்பு எங்கயும் போயிராதுத்தா. சனிக்கிழமை தேனிக்கு ஏதோ மெட்ராஸ் கம்பெனி வருதாம்ல? அதுக்குப் போகட்டும். கெடைச்சா அங்க. இல்லேன்னா திங்கக்கெழம தோட்டம். தோட்டத்துக்குப் போனபெறகு இந்த இன்டர்வியூ பேச்சே இருக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

நான் ஒப்புக்கொண்டேன். தோட்டத்திலேயே தங்க வேண்டிய வேலை, அங்கே போன் கிடையாது, பஸ் கிடையாது. மலையேறிவிட்டால் அடுத்து எந்தக் கம்பெனி எங்கே ஆள் எடுக்கிறது என்றுகூடத் தெரியாது. எனக்கு மிச்சமிருந்தது அந்தச் சனிக்கிழமை மட்டும்தான்.

அந்த மெட்ராஸ் கம்பெனி நம் கம்பெனிதான். கல்லூரிகளில் பரீட்சை நேரம் என்பதால் இடம் கிடைக்காமல் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். நீங்கள் சிரிப்பது கேட்கிறது. எழுத்துத் தேர்வு பந்தி நடக்கும் இடத்தில், நீள மேசையில். முதல் நாள் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. டெக்னிக்கல் ரவுண்டு மணமகன் அறையில். கடைசி ரவுண்டு மணமகள் அறையில்.

மாமா கூட வந்திருந்தார். வந்தவர் மண்டபத்தைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மேடைக்கு எதிரே முன்வரிசையில் உரிமையோடு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கெங்குவார்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார்.

"நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்றார் மாமா, பழக்க தோஷத்தில்.

"பொண்ணுதேன். வேலைக்கு வந்திருக்கு."

"நமக்குப் பையன். என்னமோ பயோடேட்டா கேக்காகளே, அது என்னதுங்க?"

"ஜாதகம் மாதிரிதேன். நட்சத்திரம் மட்டும் இருக்காது."

"சாப்பாடு உண்டாமா?"

"கேட்டுட்டேன். டீ மட்டுந்தேனாம்."

"டீய மட்டும் குடுத்தா பொண்ணு பாக்குறாக? குறைஞ்சது கேசரி வேணாமா?"

எழுத்துத் தேர்வு முடிந்தது. மணமகன் அறையும் முடிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மணமகள் அறையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நடந்தேன். மாமாவும் எழுந்து நடந்தார். எனக்கு அது உறைக்கவே இல்லை. பேச வேண்டிய இடத்துக்குப் போகிறோம், பேசுகிறவர் கூட வருகிறார். அதிலென்ன? உள்ளே இருந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது.

ஒருவர் மணமகன் அறையில் என்னைக் கேள்வி கேட்டவர். இங்கேயும் வந்து உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் நாற்பது வயதுள்ள ஒரு மேடம். கண்ணாடி போட்டிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அவர்களுக்குப் பின்னால் சுவரகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதில் எந்தெந்தக் கல்யாணப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன பொட்டுகள். அந்தப் பொட்டுகளுக்கு நடுவே என் முகமும், தோளுக்குப் பின்னால் மாமாவின் மீசையும் தெரிந்தன.

"நீங்க?" என்றார் மேடம்.

"பையனோட தாய்மாமன்மா. பேச வந்திருக்கேன்."

"வெளிய இருங்க பெரியவரே" என்றார் டெக்னிக்கல் சார்.

"வெளிய இருந்தா யாரு பேசுறது?"

"அவர்தான் பேசணும். அவரப் பத்தி அவரே சொல்லணும்."

மாமாவுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. "அவன் எப்படி சார் அவனப் பத்திப் பேசுவான்? அசிங்கமா இருக்காது?" என்றார்.

என் காது எரிந்தது. முடிந்தது, இனித் தோட்டம்தான் என்று நினைத்தேன். "மாமா, வெளிய போங்க" என்று சொல்லவும் வாய் வரவில்லை. அத்தனை பேர் கல்யாணத்தைப் பேசி முடித்த மனுஷனை வெளியே போகச் சொல்ல நான் யார்?

மேடம் எழுந்தார். பிறகு கண்ணாடிக்கு முன்னால் கிடந்த முக்காலியை, மணப்பெண்ணை உட்கார்த்தி அலங்காரம் செய்வார்களே அந்த முக்காலியை, இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார். "உட்காருங்க. கொஞ்ச நேரம். சொல்லுங்க."

மாமா உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"பையன் தங்கமான பையன்மா. பீடி சிகரெட்டு கெடையாது. சீட்டு கெடையாது. சினிமாவுக்குக்கூட நாம கூப்பிட்டாத்தேன் வருவான்."

"பெரியவரே, நாங்க பொண்ணு குடுக்க வரல" என்றார் சார்.

"தெரியுது சார். பொண்ணு குடுத்தாக்கூட நம்ம கண்ணு முன்னாடி கெடப்பான். நீங்க மெட்ராஸுக்கே கொண்டு போகப் போறீக. அப்ப இன்னும்ல நல்லா விசாரிக்கணும்?"

மேடம் சிரிப்பை அடக்கினார். மாமா முகம் மாறாமல் தொடர்ந்தார். "நல்லது சொல்லியாச்சு. குறையும் சொல்லிப்புடுறேன். நாளைக்கு யாரும் என் சட்டையப் பிடிக்கக் கூடாதுல்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"காலேஜு படிக்கையில கம்பத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல வேலைக்கு இருந்தான். பன்னெண்டாப்பு ரிசல்ட்டு வந்த அன்னைக்கு நான்தேன் ஒரு புள்ளையவும் அது அப்பனையும் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனேன். கடையில திருவிழாக் கூட்டம். அந்தப் புள்ள நம்பரத் தட்டுனா கம்ப்யூட்டரு வெள்ளையா நிக்கிது. ஒண்ணும் வரல. எதுத்த கடைக்காரன் வெவரமானவன். வரலேன்னா பெயிலு, அடுத்த ஆளு வாங்கன்னு அனுப்பிக்கிட்டு இருக்கான். இவன் என்ன சொன்னான் தெரியுமா? எனக்குத் தெரியாதுன்னுட்டான்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷங்களில் எங்கள் ஊரில் ரிசல்ட் என்றால் பேப்பர்தான். பாஸானவர்களின் எண்கள் மட்டும் அச்சாகியிருக்கும். எண் இல்லையென்றால் பெயில். பேப்பரில் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் எல்லோரும் அன்றைக்குக் கம்ப்யூட்டர் திரையையும் பார்த்தார்கள்.

"அந்த அப்பன் கேக்காரு, பேப்பர்ல நம்பர் இல்லேன்னா பெயிலுதானப்பான்னு. இவன், அது பேப்பரு, இது வேற, இன்னும் பதிலே வரலேங்கிறான். பெயிலானா ஆவணியில கல்யாணம்னு அந்தாளு பேசி வச்சிருக்காரு. புள்ள கையப் பிடிச்சு இழுக்காரு. கடை ஓனரு வந்து, ஏலே, ஏதாச்சும் ஒண்ணச் சொல்லி அனுப்பித் தொலை, கூட்டமெல்லாம் எதுத்த கடைக்குப் போகுதுங்காரு. இவன் எந்திரிச்சு நின்னு அம்புட்டுப் பேருக்கும் கேக்கச் சொல்றான். இது பாஸும் இல்ல, பெயிலும் இல்ல, எனக்குத் தெரியாது, பதில் வந்தாச் சொல்றேன்னு. பாதிக் கூட்டம் போயிருச்சு. சாயங்காலம் பாத்தா அந்தப் புள்ள பாஸு. இவனுக்கு வேலை போச்சு." மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "இதாம்மா இவன்கிட்ட குறை. கூட்டத்துக்குத் தக்கன ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. மத்தபடி நல்ல பையன்."

அதுவரை மாமாவையே பார்த்துக்கொண்டிருந்த சார் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஸ்க்ரீன்ல என்ன வந்துச்சு? எர்ரரா?"

"எர்ரர் இல்ல சார்" என்றேன். "நம்பர் தப்பா இருந்தா தப்புன்னு வரும். பெயில்னா மார்க்கோட வரும். இது ரெண்டும் இல்ல, வெறும் வெள்ளை."

"அத வச்சு எப்படி முடிவு பண்ணீங்க? நெஜமாவே அந்த நம்பர்ல ஏதாவது கோளாறு இருந்திருக்கலாமே?"

"அதுக்குத்தான் சார், காலையில பாஸுன்னு வந்த ஒரு பையனோட நம்பரத் திருப்பிப் போட்டேன். அதுக்கும் வெள்ளைதான் வந்துச்சு. அந்தப் பையன் காலையில பாஸு, மத்தியானம் பெயிலாக முடியாதுல்ல? அப்ப கோளாறு அந்தப் பொண்ணோட நம்பர்ல இல்ல. அங்கிட்டிருந்து எங்களுக்குப் பதில் வரல, அவ்வளவுதான்."

சார் முன்னால் சாய்ந்தார். அதற்குப் பிறகு நான் எவ்வளவு பேசினேன் என்று எனக்கே தெரியாது. டயல்-அப் லைன் எப்படி அறுந்து அறுந்து வந்தது, எந்த மெஷினை விட்டு எந்த மெஷினில் போட்டுப் பார்த்தேன், அடுத்த வருஷம் அப்படி ஆகாமலிருக்க என்ன செய்யலாம் என்று நினைத்தேன் எல்லாம் சொன்னேன். பாதி இங்கிலீஷ், பாதி கூடலூர். என்னைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லை. நான் பேசியது அந்த வெள்ளைத் திரையைப் பற்றி.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணு சாயங்காலம் பெயில்னு வந்திருந்தா?"

"அப்பவும் மத்தியானம் எனக்குத் தெரியாது மேடம். தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"வேலை போயிருக்குமே."

"போச்சு மேடம்."

சார் சத்தமாகச் சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். முக்காலி காலியாகக் கிடந்தது. மாமா எப்போது எழுந்து போனார் என்று நான் கவனிக்கவில்லை.

வெளியே வந்தபோது கெங்குவார்பட்டிக்காரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா பாதியில வந்துட்டீக?"

"நீதேன் பேச ஆரம்பிச்சிட்டேல்ல மருமகனே. ஒரு பக்கத்துக்கு ரெண்டு பேரு பேசுனா பேச்சு கெட்டுப் போகும்."

அன்றைக்கு முடிவு எதுவும் சொல்லவில்லை. "தகவல் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பத்தில் மாமாவின் செல்போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன், எங்கள் வீட்டில் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் போன் அடிக்கவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் நான் துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஜீப் வந்தது. அம்மாவும் மற்ற பெண்களும் ஏறினார்கள். நானும் காலைத் தூக்கி வைத்தேன்.

"நீ எங்க?" என்றார் மாமா.

"தோட்டத்துக்கு. திங்கக்கெழம சேரணும்னு நீங்கதான சொன்னீக."

"கம்பெனியில இருந்து பதிலு வந்துச்சா?"

"வரல மாமா."

உள்ளேயிருந்து அம்மா, "பதிலு வரலேன்னா இல்லைன்னுதானய்யா அர்த்தம்? ஏறட்டும் விடு" என்றார்.

"ஏத்தா, நீயும் பேப்பர்ல நம்பர் பாக்குறவ கணக்கா பேசுற. வரலேன்னா வரலேன்னுதேன் அர்த்தம். பெத்தது நீ, ஒன் மகன் சொன்னது எனக்குத்தேன் புரிஞ்சிருக்கு." மாமா என் பையைப் பிடுங்கி வாசலில் போட்டார். "நான் போயி மேனேஜருகிட்ட பேசிக்கிறேன். கொஞ்ச நாளு பொறுக்கச் சொல்லுவேன். நீ வீட்டுல கெட."

மலைப்பாதையில் நடந்ததை அன்றைக்குச் சாயங்காலம் அம்மா சொல்லித்தான் கேட்டேன். வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது மாமாவின் போன் அடித்திருக்கிறது. ஜீப்பை ஓரங்கட்டி, பின்சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாராம்.

"யாரு? பையனோட தாய்மாமன் பேசுறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து மேடம், "தெரியுது" என்றாராம். பிறகு அவர் என்ன சொன்னாரோ தெரியாது. ஊருக்கெல்லாம் பேசுகிற மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு "ஆகட்டும், ஆகட்டும்" என்று மட்டும் சொன்னாராம். ஜீப்பிலிருந்த பெண்கள் பயந்து, "என்னாச்சுண்ணே, யாருக்கு என்ன?" என்று இறங்கிவிட்டார்கள். அவர் அம்மாவைப் பார்த்து, "ஒன் மகன் பாஸுத்தா" என்றார்.

இத்தனை வருஷம் நான் இந்தக் கம்பெனியில் சப்போர்ட்டில் இருந்தேன். சர்வர் விழுந்து, வாடிக்கையாளர் போனில் கத்தும்போது, "ஏதாவது ஒண்ணச் சொல்லி அனுப்பு" என்று பக்கத்திலிருந்து யாராவது சொல்லாத நாளே இல்லை. என்னை எதற்காக எடுத்தார்கள் என்று அப்போதெல்லாம் புரியும்.

இப்போது உங்கள் நாளைய வேலைக்கு வருகிறேன்.

நான் முதல் தடவை தேர்வு செய்யப் போனதும் தேனிப் பக்கம்தான். மார்க்கையன்கோட்டைப் பெண் ஒருத்தி வந்தாள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். என்னோடு இருந்தவர், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். பெயர், அப்பா பெயர், ஊர், படிப்பு. பிறகு தரை. அவர் பேனாவைக் கம்யூனிகேஷன் கட்டத்துக்குக் கொண்டுபோனார். நான் அவர் கையை மெதுவாகத் தொட்டு நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"கூட யாரும்மா வந்திருக்காக?"

"எங்கம்மா. வெளிய வாசல்ல நிக்கிறாக."

"அவுக இங்கன வந்து உக்காந்து ஒன் குறைய ஒண்ணு சொல்லணும்னா என்ன சொல்வாக?"

தலை நிமிர்ந்தது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் பேச்சு. "தொட்டத விட மாட்டா, சோறு ஆறி அவிஞ்சு போகுதுன்னு வைவாக சார்."

"எதைத் தொட்டு விடாம இருந்த?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதவில்லை. அவளே இன்றைக்கு உங்களோடு பஸ்ஸில் வருகிறாள். வழியில் கேளுங்கள். அவள் சொல்லக் கூசினால், விஷயம் தெரிந்தவர்கள் யாராவது அவளுக்காகச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாய் திறக்காத பிள்ளைகள் எல்லாரும் உள்ளே ஏதோ பெரிதாக வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பொறுத்திருந்து, வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்து, கடைசியில் "இல்லை" என்றுதான் முடிவானது பல தடவை. அதில் தப்பில்லை. அது கேட்டு வாங்கிய "இல்லை". பதில் வருவதற்கு முன்னால் நாமாகவே பெயில் என்று எழுதிவிடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். உங்களுக்கும் பின்னாலிருந்து அவசரப்படுத்துவார்கள். வரிசை நீளமாக இருக்கும், திரும்பிவரும் பஸ்ஸுக்கு நேரமாகும். அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திரும்ப ஒரு தடவை தட்டிப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

போன மாதம் புதுக் கம்பெனி நேர்காணலுக்கு நான் கிளம்பும்போது மாமா போன் செய்தார். "நான் வரவா மருமகனே?" என்றார். வேண்டாம் மாமா, நானே பேசிக்கொள்வேன் என்றேன். "செரி, நல்லதச் சொல்லு. குறையச் சொல்ல மறந்துறாத" என்று வைத்துவிட்டார்.

நாளைக் காலை அங்கே போய் இறங்கியதும் அறையைப் பாருங்கள். மேசையின் அந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருப்பார்கள். இன்னொன்று கேட்டு வாங்குங்கள். எதற்கென்று கேட்டால், கூட வந்தவருக்கு என்று சொல்லுங்கள். யாரும் வராவிட்டாலும் அது அங்கேயே கிடக்கட்டும்.